மூடினாலும் தூங்காத லேப்டாப்

உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட என் லேப்டாப் கோத்தகிரியில் கரண்ட் போனால் தாங்குமா என்று நண்பர் கேட்டார். வேலை பார்க்கும்போது நன்றாகவே தாங்கும். மூடி வைத்தால்தான் தாங்காது.

ஐப்பசி மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் கரண்ட் கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது, அந்த நாட்களில் பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி மென்பொருளைப் போட்டுத் திரை வெளிச்சத்தையும் குறைத்து வைத்தால் மதியம் தாண்டியும் ஓடும். அதில் வரம்பு வைத்துவிட்டால் பிளக்கிலேயே கிடந்தாலும் 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றுவிடும், பேட்டரிக்கு நல்லது. மானம் கறுத்தால் 'டிஎல்பி ஃபுல்சார்ஜ்' கட்டளை கொடுத்து அன்றைக்கு மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் பாதி சார்ஜ் இருக்கிறதே என்று நம்பி மூடிவிட்டுப் படுத்தால், காலையில் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் இருட்டுத்திரைதான். பழைய எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்கத்தில் நினைவகமான ராமுக்கு மட்டும்தான் கரண்ட் போகும். இப்போது வரும் எஸ்2ஐடில் என்ற லேசான தூக்கத்தில் திரை அணைந்து பிராசஸர் ஓய்வெடுக்கும், அவ்வளவுதான், ஏதாவது ஒரு பாகம் தூங்க மறுத்தால் மொத்தமும் அரைத்தூக்கம். எந்தத் தூக்கமெல்லாம் உண்டு என்று காட்டும் மெம்_ஸ்லீப் கோப்பைத் திறந்து பார்த்தால், எஸ்3-ஐக் குறிக்கும் 'டீப்' என்ற சொல்லே இல்லை. லேப்டாப்போடு வரும் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே எடுத்துவிட்டார்கள், அதற்கு லினக்ஸைத் திட்டி என்ன செய்ய? லினக்ஸின் மையமான கெர்னல் தொடங்கும்போது படிக்கும் வரியில் டீப் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நான் கேட்ட எல்லோரும் சொல்கிறார்கள், இல்லாததை எங்கிருந்து சேர்ப்பது!

இதோடு வயர்லெஸ் மவுஸின் யூஎஸ்பி டாங்கிள் வேறு. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் ஒவ்வொரு வளைவிலும் பைக்குள் மவுஸ் அசைய, லேப்டாப் விழித்துச் சூடாகிவிடும். எவையெல்லாம் லேப்டாப்பை எழுப்பலாம் என்று சொல்லும் ஏசிபிஐ வேக்கப் பட்டியலில் யூஎஸ்பிக்கான எக்ஸ்ஹெச்சியை அணைத்தால் அது நிற்கும், ரீஸ்டார்ட் செய்தால் திரும்பவும் பழைய குருடிதான், அதனால் அதற்கென்று ஒவ்வொரு முறையும் தானாக ஓடும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதி வைக்க வேண்டியிருந்தது. ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும் ஹைபர்னேட் போடலாமே என்றால், கையொப்பமில்லாத மென்பொருளைப் பூட் ஆகவிடாத செக்யூர் பூட் இருக்கும்வரை கெர்னல் விடாது. அதை அணைத்து, அப்படி எழுத ராம் அளவுக்கு டிஸ்க்கில் ஸ்வாப் இடமும் ஒதுக்கிய பிறகுதான் இரவில் நிம்மதி.

வாங்குவதானால் கடையிலேயே பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் உபுண்டு போட்டு மெம்_ஸ்லீப்பைப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். டீப் இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, போன மாதம் விலை இறங்கியதும் தங்கைக்கு இதே மாடலைத்தான் வாங்கினேன். அவளுக்கு இந்த வம்பே இல்லை, வேலை முடிந்ததும் ஷட்டவுன்.