வைப்புநிதியா, மாதக் கூட்டுக்கொடையா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு முன்னாள் மாணவியர் சேர்ந்து உதவ இரண்டு வழி. 1 லட்சம் வைப்புநிதி போட்டால், 7% வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 7,000 ரூபாய், அசல் கரையாது. ஆனால் வட்டி முழுவதையும் கொடுத்துத் தீர்த்தால் விலைவாசி அதை மெல்லத் தின்றுவிடும். 5,000 கொடுத்து, மீதியை அசலில் சேர்ப்பதே சரி. ‘மூலதன நிதிக்கு மட்டும்’, அதாவது அசலைச் செலவழிக்கக் கூடாது என்று கல்லூரிக்கு எழுத்தில் கொடுக்காவிட்டால் பணம் அன்றாடச் செலவில் கலந்துவிடும்.

இரண்டாவது வழி மாதக் கூட்டுக்கொடை. 50 பேர் மாதம் 200 போட்டால் ஆண்டுக்கு 1,20,000, அடுத்து வரும் ஜூனிலேயே மாணவியரின் கட்டணம் கட்டலாம். சீட்டுப் பழகிய ஊருக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? ஆர்வம் தணிந்ததும் ஆள் உதிரும். வங்கியில் தானாகப் பிடித்தம் செய்யச் சொல்லிவிடுங்கள். எதுவானாலும் 2,000-க்கு மேல் ரொக்கம் வேண்டாம், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு போய்விடும். பொறுப்பெடுக்க இரண்டு பேர்கூட இல்லையென்றால் வைப்புநிதிதான்.