முகப்புக்கு எந்தப் பூச்செடி: வைபர்னமா, இட்லிப்பூவா, நந்தியாவட்டையா?

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வரும் ஆச்சிமார், ஏப்ரலில் அங்கே வாசலில் பூத்து நிற்கும் வைபர்னத்தைப் பார்த்துவிட்டு, "இதை நம்ம ஊர்ல வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். கொரியாவைச் சேர்ந்த வைபர்னம் கார்லேசி இளஞ்சிவப்பாக மொட்டு விட்டு வெள்ளைக் கொத்தாக விரியும், கிராம்பு வாசம் வேறு. ஆனால் முந்தைய கோடையில் கட்டிய மொட்டு குளிர்காலம் முழுக்க உறங்கி எழுந்தால்தான் பூவாகும். நம் மார்கழிப் பனி அதற்குப் பத்தாது. நீலகிரி, கொடைக்கானல் சோலைகளில் வைபர்னத்தின் நம்மூர் வகைகளே இருக்கின்றன. அங்கே வீடு இருந்தால் முயலலாம், தேவகோட்டையில் வேண்டாம்.

கொத்துப் பூதான் வேண்டுமென்றால் இட்லிப்பூ. சங்க காலத்து வெட்சி இதுதான். வெயிலுக்கு அஞ்சாது, செட்டிநாட்டுச் செம்மண்ணும் அதற்குப் பிடிக்கும். சிக்கல் சுவரோரத்தில்தான். பழைய வீடுகளில் உதிர்ந்த சுண்ணாம்புக் காரை வருஷக்கணக்காக அங்கே மண்ணோடு கலந்து கிடக்கும். அதில் நட்டால் கொழுந்து இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவில் மஞ்சளடித்துப் போகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்குக் கொடுக்காது. யூரியா போட்டுத் தீருகிற நோய் இல்லை இது. சுவரை விட்டு நாலடி தள்ளி, சுத்தமான செம்மண்ணில் வைத்தால் அதே செடி ஜோராக வரும். இன்னொன்று, பூ கிளை நுனியில் வருவதால் மாதாமாதம் பெட்டிபோல் வெட்டிவிட்டால் வெறும் இலைதான் மிஞ்சும்.

அரளி வறட்சி தாங்கும், ஆனால் முழுச்செடியும் நஞ்சு. குழந்தைகள் ஓடியாடும் வாசலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு நந்தியாவட்டைக்கு. சுவரோரத்தில் இட்லிப்பூ அளவுக்குச் சிணுங்காது, வருஷம் முழுக்கப் பூக்கும், சிவன் பூசைக்கும் ஆகும். அடுக்கு வகை பார்க்க அழகுதான், இருந்தாலும் ஐந்திதழ் ஒற்றையின் வடிவே தனி. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்றரை அடிக் குழி தோண்டி, காரைத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தொழு உரம் கலந்து நடுங்கள். அப்புறம், விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் வைத்ததுபோல், இலையை மொட்டையடிக்கும். மருந்தெல்லாம் வேண்டாம், கையால் எடுத்துப் போட்டாலே போதும்.