எக்கோ அறிக்கையின் இரண்டாம் பக்கம்

"அறுவை இல்லாத இயற்கை பைபாஸ்" என்று பலகை மாட்டிய மையத்தில் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாங்கள் கட்டியது 95,000 ரூபாய்.

அப்பாவுக்கு வயது 68. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். வயிறு உப்பி, வேட்டி இடுப்பில் நிற்காமல் போனது. வாயு என்றார்கள், பிறகு கல்லீரல் என்றார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம், இதயம் 60 சதவீதம் பம்ப் செய்வதாக வந்தது. அது இயல்பான அளவுதான்.

மையத்தில் இருந்தவர் (டாக்டரா விற்பனையாளரா, இன்றுவரை விளங்கவில்லை) முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "பம்பிங் அருமை. சின்ன அடைப்பாக இருக்கும், 35 அமர்வில் சரியாகிவிடும்" என்றார். அடைப்பு உண்டா என்று பார்க்கும் ஆஞ்சியோ பற்றிப் பேச்சே இல்லை. தினமும் ஒரு மணி நேரம் கெண்டைக்கால், தொடை, இடுப்பில் பட்டை கட்டி, துடிப்புக்கு ஏற்பக் காற்றடித்துப் பிழிந்தார்கள். 11ஆம் நாள் இரவு அப்பாவால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிந்தது.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் அதே அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, "மேலறைகள் இரண்டும் பெரிதாகியுள்ளன, கீழறைச் சுவர் தடித்துள்ளது" என்ற வரியைப் பேனாவால் சுழித்தார். சுவர் அத்தனை தடித்தும் ஈசிஜி அலைகள் சிறியனவாக இருந்ததைக் காட்டினார். பிறகு, "ஐயா, கை மரத்துப்போகுமா?" என்று கேட்டார். ஆறு வருடத்துக்கு முன் கை மரத்துப்போனதற்காக அப்பாவுக்கு இரண்டு மணிக்கட்டிலும் அறுவை நடந்ததை நாங்களே மறந்திருந்தோம்.

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து தெரிந்தது: அமிலாய்டு என்ற புரதம் இதயத் தசையில் படிந்து கீழறைகள் விறைத்திருக்கின்றன. இதே புரதம் மணிக்கட்டிலும் படிந்து கையை மரக்கச் செய்யலாம்; அதனால்தான் அந்தக் கேள்வி. சுருங்குவதில் பெரிய குறையில்லை. விரிந்து இரத்தத்தை வாங்கத்தான் முடியவில்லை. அந்த 60 சதவீதத்தை நம்பி ஏமாந்தது இதனால்தான். விரிய மறுக்கும் அறைக்குள் காலிலிருந்து இரத்தத்தைப் பிழிந்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சிகிச்சை அடைப்பால் வரும் நெஞ்சுவலிக்கு உரியது. அப்பாவுக்கு நெஞ்சுவலி ஒருநாளும் வந்ததில்லை.

பணத்தைக் கேட்கப் போனபோதுதான் ரசீதைச் சரியாகப் படித்தேன். அதில் சிகிச்சை என்ற சொல்லே இல்லை. "ஆரோக்கிய மேம்பாட்டுத் தொகுப்பு, கட்டணம் திருப்பித் தரப்படாது" என்றிருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு. ரசீதையும் அறிக்கையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நேற்றுகூட அப்பாவின் போனுக்கு அவர்களிடமிருந்து செய்தி வந்தது: "மீதமுள்ள 24 அமர்வுகளைத் தவறவிடாதீர்கள்."