புல்வெட்டி வண்டி நின்று நின்று போகிறதா? ரிப்பேர் முடிந்து வந்ததும் முதலில் சீட்டுக்கு அடியில் பாருங்கள்

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். பணம் போனதற்காக மட்டும் இதை எழுதவில்லை.

என் வண்டி இருபது, இருபத்தைந்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் இரண்டு மூன்று முறை திக்கும், திணறும், நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பேன், இருக்கும். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்ளும். மறுபடி இருபது நிமிடம், மறுபடி அதே கதை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தவர், "கார்புரேட்டர் போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். மாற்றினார். இரண்டாம் நாளே வண்டி பழையபடி நின்றது. அடுத்து இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) என்றார். அதையும் மாற்றினார். கழற்றிய பாகங்களைக் கேட்டேன், குப்பையில் போட்டாகிவிட்டது என்றார். மூன்றாவது முறை போனபோது, "சென்சார் கோளாறு, சரி பண்ணிட்டேன், இனிமே நிக்காது" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். ரசீதில் "வயரிங் வேலை" என்று ஒரே வரி.

அடுத்த முறை புல் வெட்டும்போது வழியில் ஒரு மரக்கிளை கிடந்தது. எடுத்துப் போடலாம் என்று பிரேக் போட்டுவிட்டு, பிளேடை நிறுத்த மறந்து இறங்கிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் அப்படி மறந்து இறங்குபவனுக்காகத்தானே சீட் சுவிட்ச் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்? பிளேடு ஓடும்போது சீட்டிலிருந்து ஆள் எழுந்தால் இன்ஜின் நின்றாக வேண்டும். என் வண்டி நிற்கவில்லை. கிளையை எடுக்கக் குனிந்தபோதுதான் காலுக்குப் பக்கத்தில் பிளேடு சுற்றும் சத்தம் உறைத்தது. ஈரக்குலை நடுங்கிவிட்டது.

சாவியை எடுத்துவிட்டு சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சுவிட்சுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு துண்டு வயரைச் சொருகி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சீட்டில் எப்போதும் ஆள் இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும். இதற்குத்தான் "வயரிங் வேலை" என்று என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்.

போய்க் கேட்டேன். "நிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார். பணமும் திரும்பி வரவில்லை, ஒரு வருத்தமும் வரவில்லை.

அந்தத் துண்டு வயருக்குப் பிறகும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. உண்மையான கோளாறு பெட்ரோல் டேங்க் மூடியில். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போவதற்கு அந்த மூடியில் ஒரு நுண்ணிய துளை உண்டு. என்னுடையதில் அது தூசியும் புல்லும் அடைத்துப்போயிருந்தது. காற்று போகாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வரத்து குறைந்து, இன்ஜின் திணறி நிற்கும். ஒவ்வொரு முறையும் நான் மூடியைத் திறந்து பார்த்தேனே, அந்த நொடியில் காற்று உள்ளே போய்விட்டது, வண்டியும் ஓடியது. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்? புது மூடி போட்டதும் கோளாறு தீர்ந்தது.

அவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, வண்டி எப்படி நிற்கிறது என்பதுதான். சாவியைத் திருப்பியது போல் பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம்: சீட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், தளர்ந்த வயர், சூடானால் மட்டும் செயலிழக்கும் காயில். இருமி, திணறி, மெல்ல அடங்கினால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம்: மூடி, ஃபில்டர், நாள்பட்ட பெட்ரோல், கடைசியாகத்தான் கார்புரேட்டர். காயில் மேல் சந்தேகம் என்றால் வண்டி நின்ற சூட்டிலேயே ஸ்பார்க் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. உயரமான புல்லில் மட்டும் நின்றால் பிளேடு மூடிக்கு அடியில் புல் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள், இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிய பிறகு.

சில வண்டிகள் பிளேடு ஓடும்போது ரிவர்ஸ் போட்டாலே அணைந்துவிடும். அது கோளாறே இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதையும் "சரி செய்து" தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ரிப்பேர் முடிந்து வந்ததும் சமதரையில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, பிளேடை ஓடவிட்டு, காலைக் கீழே வைக்காமல் சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த வண்டியில் புல் வெட்டாதீர்கள். பழைய வண்டி வாங்குபவர்களும் விலை பேசுவதற்கு முன்னால் சீட்டைத் தூக்கி டேப் சுற்றிய வயர் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதைச் செய்தவர் இன்னும் எத்தனை வண்டிகளில் செய்திருப்பார் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.