மைக்ரோபைத்தான் பழக பைக்கோவா, இஎஸ்பி32ஆ?

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். சின்ன மின்னணு போர்டில் பைத்தான் நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். இந்த மாதிரி போர்டுகளில் ஓடும் பைத்தான்தான் மைக்ரோபைத்தான். ராஸ்பெர்ரி பை பைக்கோ, இஎஸ்பி32 இரண்டையும் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பைக்கோவை அவனிடம் கொடுத்தேன்.

வேகம், நினைவகம் என்று பார்த்தால் இஎஸ்பி32தான் மேல். 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட். வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன. 2021-ல் வந்த பைக்கோவில் 133 மெகாஹெர்ட்ஸ், 264 கிலோபைட். எல்இடி மினுக்கவும் சென்சார் படிக்கவும் இதுவே தாராளம்.

என்னைப் பைக்கோ பக்கம் இழுத்தது, மைக்ரோபைத்தானை ஏற்றும் விதம். போர்டில் உள்ள பூட்செல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பி கேபிளைச் செருகினால், கணினியில் பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் தெரியும். மைக்ரோபைத்தான் அடங்கிய யுஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டதும் டிரைவ் தானாக மறையும். ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

இஎஸ்பி32-ல் முதலில், போர்டைக் கணினியோடு பேசவைக்கும் யுஎஸ்பி சிப் சிபி2102ஆ, சிஹெச்340ஆ என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் அதற்குரிய டிரைவர் இல்லாவிட்டால் போர்டு இணைந்திருக்கும் காம் போர்ட்டே கணினியில் தெரியாது. அப்புறம் இஎஸ்பிடூல் என்ற மென்பொருளால் போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தை அழித்து எழுத வேண்டும். சில போர்டுகளில் அந்த நேரத்தில் பூட் பொத்தானையும் பிடித்திருக்க வேண்டும். நிரல் எழுத உதவும் தானி (Thonny) எடிட்டர் வழியாகவே ஏற்றலாம் என்பது உண்மை. ஆனாலும் டிரைவர் இல்லாமல் அதுவும் நகராது.

ஒரு தடவை செய்யும் வேலைதானே என்று நினைத்தேன். இல்லை. மூன்றாம் நாளே பையன், போர்டுக்கு மின்சாரம் வந்ததும் தானாக ஓடும் மெயின் கோப்பில் முடிவில்லாத லூப் எழுதி, உள்ளே எல்லாப் பிழைகளையும் விழுங்கும் எக்ஸெப்ட் ஒன்றையும் வைத்துவிட்டான். நிரலை நிறுத்த கன்ட்ரோல்-சி கொடுத்தால் அதையும் அந்த எக்ஸெப்ட் விழுங்கிவிட்டது. மைக்ரோபைத்தானை மறுபடி ஏற்றினாலும் பழைய மெயின் கோப்பு அப்படியே இருக்கும். ஃபிளாஷ் நியூக் என்ற யுஎஃப்2 கோப்பைப் போட்டு முழுவதையும் துடைத்த பிறகுதான் சரியானது. பூட்செல் வேலை செய்யும் நிரல் சிப்பிலேயே பதிந்திருப்பதால், நாம் எதை எழுதிக் கெடுத்தாலும் அது போகாது. இஎஸ்பி32-ஐயும் இப்படி மீட்கலாம், ஆனால் இஎஸ்பிடூலும் டிரைவரும் உள்ள கணினி வேண்டும். இப்போது அவன் நண்பன் வீட்டுக் கணினியில்கூடத் தானே துடைத்துத் தானே ஏற்றிக்கொள்கிறான்.

வைஃபைதான் முக்கியம் என்றால் நான் இஎஸ்பி32-ஐயே எடுப்பேன். பைக்கோ டபிள்யூவிலும் வைஃபை உண்டு. அதை நான் இரண்டு நாள்தான் ஓட்டினேன், உறுதியாகச் சொல்ல அது போதாது.

எதை வாங்கினாலும் டேட்டா போகும் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளில் பூட்செல்லை எத்தனை முறை அழுத்தினாலும் டிரைவ் வராது. எங்களுக்கு முதல் நாள் சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது.