குவால்கோடர்: பண்புசார் ஆய்வைக் கற்கத் தொடங்குபவருக்கு எந்த அளவு உதவும்?

பண்புசார் தரவு ஆய்வுக்கான (எண்களை அல்லாமல் நேர்காணல் போன்றவற்றின் பொருளை ஆராய்வதற்கான) மென்பொருளை மதிப்பிடுவதற்கு, ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு ஒரு குறியீட்டை, அதாவது அதன் கருத்தைச் சுட்டும் பெயரை, இடுவது எவ்வளவு சுலபம் என்று பார்த்துப் பயனில்லை. அதை எல்லா மென்பொருள்களுமே செய்துவிடுகின்றன. நேர்காணல்களில் பாதியைப் படித்து முடித்த நிலையில், முதலில் வைத்த குறியீடுகளில் இரண்டு ஒரே கருத்தைத்தான் சுட்டுகின்றன என்றும், வேறொன்று எதையும் போட்டு வைக்கும் மூட்டையாக வீங்கிவிட்டது என்றும் ஆய்வாளருக்குத் தெரியவரும். அப்போது அவற்றை மாற்றியமைக்க மென்பொருள் எவ்வளவு இடம் தருகிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

குவால்கோடர், காலின் கர்ட்டன் பைத்தான் மொழியில் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்; உரையோடு படம், ஒலி, காணொளி ஆகியவற்றுக்கும் இதில் குறியீடு இடலாம். என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ போன்ற வணிக மென்பொருள்களின் மெருகு இதன் திரைகளில் இல்லை. ஆனால் உரிமக் கட்டணம் இல்லாததால், படிப்பு முடிந்து உரிமம் காலாவதியானதும் தன் தரவையே திறக்க முடியாமல் போகும் நிலை கற்பவருக்கு வராது.

குறியீடுகள் இடப்பக்கத்தில் மரவரிசையாக நிற்கின்றன. ஒரு குறியீட்டை இழுத்து ஒரு வகையின் கீழ் விட்டால் அது அங்கே சேர்கிறது; இன்னொரு குறியீட்டின் மேல் விட்டால், உறுதி கேட்டுக்கொண்டு இரண்டும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. இந்தச் சுலபமே ஓர் ஆபத்தும் கூட, ஏனெனில் இணைத்த குறியீடுகளை மறுபடி பிரிப்பது கைவேலையாகத்தான் முடியும். ஆகவே பெரிய மாற்றங்களுக்கு முன் திட்டக் கோப்புறையை நகலெடுத்து வைப்பது நல்லது. வீங்கிப்போன குறியீட்டைப் பிரிக்க அறிக்கைப் பகுதிதான் கைகொடுக்கிறது: அந்தக் குறியீடு பெற்ற எல்லாப் பகுதிகளையும் ஒரே இடத்தில் வரிசையாகப் படிக்கலாம், ஐயம் எழும் பகுதியை அதன் மூல உரையின் முன்பின் சூழலோடு திறந்து பார்க்கலாம். தொடக்கநிலையில் இருப்பவர் வேறு எதைக் கற்காவிட்டாலும் இந்த ஒன்றைக் கற்றுவிட வேண்டும். (குறியீடுகளுக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் கரையும் நேரத்தை இதற்குச் செலவிட்டாலே போதும்.)

மெமோ (ஆய்வாளர் தனக்காக எழுதும் குறிப்பு) எழுதும் வசதி தாராளமாகவே இருக்கிறது. கோப்புக்கும் குறியீட்டுக்கும் குறியிட்ட ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி மெமோ எழுதலாம். ஆய்வு நாட்குறிப்புக்கும் தனி இடம் உண்டு. குறியீட்டை உருவாக்கும்போதே, எது அதில் அடங்கும், எது அடங்காது என்று மெமோவில் இரண்டு வரி எழுதி வைப்பவருக்குப் பின்னால் வரும் இணைப்பும் பிரிப்பும் ஊகவேலையாக இருக்காது.

தமிழ் உரைகளோடு இதைப் பயன்படுத்துபவர் தானியங்கிக் குறியிடலில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது நாம் தரும் எழுத்துத் தொடரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துவதையே தேடுகிறது. ‘பணம்’ என்று தேடினால் ‘பணத்தை’, ‘பணத்துக்காக’ ஆகியவை அகப்படா. ‘பண’ என்று சுருக்கித் தேடினாலோ ‘பணி’யும் ‘பண்பு’ம் சேர்ந்தே வந்து விழும். சொல் எண்ணிக்கைப் பட்டியலிலும் ஒரே பெயர்ச்சொல்லின் வேற்றுமை வடிவங்கள் தனித்தனிச் சொற்களாகச் சிதறிக் கிடக்கும் என்பதால், அந்த எண்களைக் கொண்டு எதையும் நிறுவ முனையக் கூடாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுக்கும் தமிழ் உரையில் கொம்பும் காலும் இடம் மாறி வருவதுண்டு. அதைத் திருத்தும் வேலையைக் குறியிடத் தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நலம். இந்த மென்பொருள், குறியிட்ட பகுதி உரையின் எத்தனையாவது எழுத்தில் தொடங்கி எத்தனையாவதில் முடிகிறது என்பதையே தரவுத்தளத்தில் பதிந்து வைக்கிறது. குறியிட்ட பிறகும் திருத்த வழி இருந்தாலும், பெரிய திருத்தங்களில் எல்லைகள் பிசகிவிடக்கூடும்.

இருவர் ஒரே உரைக்குக் குறியிட்டிருந்தால் இருவரின் குறியிடலும் எந்த அளவு ஒத்துப்போகிறது என்பதை, தற்செயலான ஒப்புமையைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா என்ற அளவால் மென்பொருள் கணக்கிட்டுத் தருகிறது. இந்த எண் குறைவாக வரும்போது உடனே குறியிடலைத் திருத்தத் தொடங்காமல், குறியீட்டின் வரையறையை இருவரும் உட்கார்ந்து பேசுவதே முறை. செயற்கை நுண்ணறிவு உதவியும் விருப்பத் தேர்வாக இருக்கிறது. ஆனால் இணையவழி இயங்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் நேர்காணல் உரை வெளி நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வர்) செல்லும் என்பதால், பங்கேற்பாளர்கள் அதற்கு இசைவு தந்திருக்கிறார்களா என்று பார்க்காமல் அதைத் தொடக் கூடாது.

பின்னர் வணிக மென்பொருளுக்கு மாற நேர்ந்தால், இத்தகைய மென்பொருள்களுக்கு இடையே திட்டங்களைக் கொண்டுசெல்ல 2019இல் வெளிவந்த ரெஃபி-கியூடிஏ என்ற பொதுப் பரிமாற்ற வடிவத்தில் திட்டத்தை ஏற்றுமதி செய்யலாம். மூல உரைகள், குறியீடுகள், குறியிட்ட பகுதிகள் போன்றவற்றைக் கொண்டுசெல்லவே அந்த வடிவம் முக்கியமாகப் பயன்படுகிறது. வரைபடங்களும் தேடல் முடிவுகளும் அப்படியே வந்து சேரும் என்று நம்பி இருக்காமல், அவற்றைத் தனிக் கோப்புகளாகச் சேமித்துக்கொள்ள வேண்டும்.