அகமனிசியப் பெண்கள்: கிரேக்கர் எழுதியதா, பெர்செபோலிஸ் பலகைகளா?

பண்டைப் பாரசீகத்தை ஆண்ட அகமனிசிய அரச மரபின் காலத்துப் பெண்களை அறிய இரண்டு சான்றுகள்: கிரேக்கர்கள் எழுதியவை, அவர்களின் தலைநகரான பெர்செபோலிஸில் கிடைத்த களிமண் கணக்குப் பலகைகள். ஒரே அரசியை இரண்டு பக்கமும் தேடிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் அர்த்திஸ்தோனே பேரரசை நிறுவிய சைரஸின் மகள், அரசன் முதலாம் தாரியஸ் மிகவும் நேசித்த மனைவி. அவருக்கு அரசன் தங்கச் சிலை செய்து வைத்தான். அவ்வளவுதான். பெர்செபோலிஸ் களிமண் பலகைகளில் அவர் இர்தஷ்துனா. தன் பண்ணையிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு மது கொடுங்கள் என்று முத்திரையிட்டு ஆணை அனுப்புகிறார். அவருக்கு 100 ஆடும் ஏறத்தாழ 2,000 லிட்டர் திராட்சை மதுவும் வழங்கச் சொல்லி தாரியஸே இட்ட உத்தரவும் கிடைத்திருக்கிறது.

இர்தபாமா என்ற அரச குலப் பெண்மணியை எடுத்துக்கொண்டால் கிரேக்கர் பக்கம் வெறும் வெள்ளைத் தாள். பலகைகளிலோ, ஷிராஸில் மட்டும் அவருக்கு 490 வேலையாட்கள். அரசன் உடன் இல்லாமலும் பயணம் போகிறார். பாரசீகர் தம் பெண்களை மூடு வண்டிக்குள் அடைத்தே கூட்டிச் சென்றார்கள் என்ற கிரேக்க எழுத்தாளர் புளூடார்க்கின் பேச்சை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

உழைக்கும் பெண்களைப் பற்றி அறியப் பலகைகளை விட்டால் வேறு வழியே இல்லை. ஆனால் இணையத்தில் அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். 'ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி' என்பது பாதி உண்மை. கைத்தொழில் தெரிந்த சிலருக்குத்தான் சம அளவு. சாதாரண வேலையில் ஆணுக்கு மாதம் சுமார் 30 லிட்டர் தானியம் என்றால் பெண்ணுக்கு 20. மறுபுறம், பெண்கள் குழுவை மேய்க்கும் 'அரஷ்ஷரா' என்ற தலைவிக்கு 50 லிட்டர் தானியம், 30 லிட்டர் மது, ஓர் ஆட்டில் மூன்றில் ஒரு பங்கு. சாதாரண ஆள் இதை எட்டவே முடியாது. பிள்ளை பெற்றவளுக்குக் கூடுதல் படி உண்டு. ஆண் பிள்ளை என்றால் 10 லிட்டர் மதுவோ பீரோ, பெண் பிள்ளை என்றால் அதில் பாதி. இதைப் 'பேறுகால விடுப்பு' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

பலகைகளின் பலவீனமும் சிறிதல்ல. கி.மு. 509 முதல் 493 வரை, பெரும்பாலும் பெர்செபோலிஸைச் சுற்றிய பார்ஸ் வட்டாரம், அதுவும் அரசுக் களஞ்சியக் கணக்கு. களஞ்சியத்தில் படி வாங்காத குடியானவன் மனைவி இதில் வரமாட்டாள். இந்த எண்களைப் பேரரசின் கிழக்கு மாகாணமான பாக்ட்ரியாவுக்கோ தாரியஸின் மகன் செர்க்ஸஸ் காலத்துக்கோ நீட்டினால் கணக்கு பிசகும்.

அரண்மனைக்குள் நடந்த வாரிசுச் சண்டைக்கு கிரேக்கரைத்தான் நாட வேண்டும், கொஞ்சம் சந்தேகத்தோடு. செர்க்ஸஸின் மனைவி அமெஸ்திரிஸின் கொடூரப் பழிவாங்கல் போன்ற கதைகளில், பெண் ஆட்டிவைக்கும் அரசு கெட்டழியும் என்ற கிரேக்க எண்ணமே முந்திக்கொண்டு நிற்கிறது. அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. இரண்டாம் அர்த்தக்செர்க்ஸஸின் தாய் பாரிசாதிஸுக்குச் சிரியாவில் கிராமங்கள் இருந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதினார். பாபிலோனியாவில் நிப்பூர் நகரின் முராஷு குடும்பத்து வணிக ஆவணங்களில் அதே அரசியின் நிலங்களும் அவற்றை மேற்பார்த்த அதிகாரியும் பதிவாகியிருக்கிறார்கள்.